படுதாவுக்கு வெளியே

பாபநாசத்துக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றங்கரையில் இருந்த அந்த விடுதிக்கு வந்த கொரியாக்காரப் பையன் அறைக்குள் நுழைந்ததும் செய்த காரியம் செவ்வந்திக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தான். முகம் பார்க்கும் கண்ணாடியில் விரல் நுனியை வைத்து அழுத்திப் பார்த்தான். ஒவ்வொரு ப்ளக் பாயின்டுக்கு முன்னாலும் குந்தி உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தான். பிறகு குளியலறைக்குள் போய் ஷவருக்குக் கீழே நின்று, அதன் ஓட்டைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

செவ்வந்தி அங்கே மேனேஜர். ஆறே அறைகள் உள்ள சின்ன விடுதி. முதலாளி அமிர்தலிங்கத்துக்குக் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை. மாதத்துக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. சமையற்கட்டிலிருந்து சலவை வரை எல்லாம் செவ்வந்தி தலையில்தான். அப்பா காலம் வரை அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போன குடும்பம். இவள் நீடாமங்கலத்தில் அத்தை வீட்டில் தங்கி, பஸ் பிடித்து மன்னார்குடிக்குப் போய் ஆங்கிலம் படித்தவள். கணவன் அண்ணாதுரை குவைத்தில் இருந்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் எழில்மொழியோடு பக்கத்து ஊரில் சொந்த வீட்டில் இருந்தாள்.

அன்று காலையில் அந்த அறையை அவளே முன்னால் நின்று கழுவிவிட்டிருந்தாள். அழுக்குத் தேடுகிறானாக்கும் என்று முகம் சுண்டிப் போயிற்று. பையனோடு வந்திருந்த அக்கா ஹே-வொன் அதைக் கவனித்துவிட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க செவ்வந்தி. எங்க போனாலும் இவன் இப்படித்தான். உங்க ரூம்ல ஒரு குறையும் இல்ல” என்றாள் ஆங்கிலத்தில்.

ஹே-வொன் அந்த விடுதிக்குப் பழையவள். முன்பு தனியாக வந்து தங்கி, தாராசுரம் கோயில் சிற்பங்களைப் படம் வரைந்துகொண்டு போனவள். அப்போது காய்ச்சலில் படுத்தவளுக்கு ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டது செவ்வந்திதான். அந்தப் பழக்கத்தில்தான் இந்தத் தை மாதம் போன் செய்து, “என் தம்பிக்கு உடம்பு சரியில்லை. யாருக்கும் தெரியாத இடமா வேணும்” என்று கேட்டிருந்தாள். தம்பி பெயர் ஸங்-ஹோ. என்ன உடம்பு என்று அவளும் சொல்லவில்லை, செவ்வந்தியும் கேட்கவில்லை.

சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. விடுதிக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்தான். ஸங்-ஹோ முதலில் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. பிறகு சன்னல் திரையை விலக்கி அறுவடை மிஷின் ஓடுவதைப் பார்த்தான். பிறகு வராண்டாவுக்கு வந்தான். பிறகு ஒருநாள் காலை, விடுதிக்கு எதிரே ஆற்றங்கரைச் சாலையில் நெல் காயப்போட்டிருந்த பெண்களிடம் தானாகவே நடந்து போய் நின்றான்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் பொன்னுத்தாய். செவ்வந்தியின் ஊர்க்காரி, உறவில் சின்னம்மா முறை. நீலப் படுதா மேல் பரப்பியிருந்த நெல்லைக் காலால் அளைந்து கிளறிவிட்டுக்கொண்டிருந்தவள், அவன் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, “செருப்ப கழட்டிட்டு வா தம்பி” என்று சைகை காட்டினாள். அவனும் கழற்றிவிட்டு வந்து, அவளுக்குப் பின்னாலேயே காலை இழுத்து இழுத்து நடந்தான். நெல் சுணை அரித்து அவன் குதிப்பதைப் பார்த்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்று மதியம் சாப்பிட்டவன் அப்படியே வராண்டாவிலேயே தூங்கிப் போனான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹே-வொன் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கதவு தெறந்திருக்க, இவன் தூங்கி எத்தனையோ காலமாச்சு” என்றாள்.

ஆர்த்தி வந்தது அதற்கு மறுநாள்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். கூட இரண்டு கொரியப் பெண்கள். பெரிய கோயில் பார்க்க வந்தோம், இரண்டு நாள் இருப்போம் என்றாள். “எங்க அப்பாவுக்குச் சொந்த ஊரு நன்னிலம்தாங்க்கா. இந்தப் பக்கம் வந்தாலே எனக்கு நம்ம வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்” என்று அவள் சொன்னதும் செவ்வந்திக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. நல்ல களையான முகம். வாய்க்கு வாய் அக்கா. சமையற்கட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். துண்டுகளைத் தூக்கிக்கொண்டு செவ்வந்தி ஒவ்வொரு அறையாக நடப்பதைப் பார்த்து, “குடுங்கக்கா, அந்தக் கடைசி ரூமுக்கு நான் வச்சுட்டு வந்துர்றேன்” என்று வாங்கிப் போனாள். அப்போது அந்த அறையில் ஆள் இல்லை. கொடுத்தவள் செவ்வந்திதான்.

“அந்த ரூம்ல யாருக்கா?”

“ஒரு அக்காவும் தம்பியும். அந்தப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, பாவம். இப்பதான் கொஞ்சம் சாப்புடுது, தூங்குது.”

“அப்புடியாக்கா?” என்றாள் ஆர்த்தி. அவ்வளவுதான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் விடுதியின் லேண்ட்லைன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் பேச்சில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும். வைத்தால் உடனே மறுபடி அடிக்கும். ஒருமுறை எடுத்தபோது ஏதோ ஒரு பெண்பிள்ளை அந்தப்பக்கம் விசும்பினாள். கூடத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸங்-ஹோ, மணி சத்தம் கேட்டதும் கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். சரியாக அந்த நேரத்தில்தான் ஆர்த்தியும் அவளுடைய கூட்டாளிகளும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். அந்த இருவரில் மூத்தவள் யூ-னா. முப்பதைத் தாண்டியிருக்கும். அவளைப் பார்த்தான் ஸங்-ஹோ. நாற்காலி கீழே விழ எழுந்து, அவள் மேலிருந்து கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். நாயைக் கண்ட குழந்தை அப்படித்தான் பின்வாங்கும்.

யூ-னா முகத்தில் சிரிப்பு. “என்னை ஞாபகம் வெச்சிருக்கான்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

ஹே-வொன் செவ்வந்தியைச் சமையற்கட்டுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஸங்-ஹோ அவர்கள் நாட்டில் பெரிய பாட்டுக்காரன். உலகம் பூராவும் ரசிகர்கள். அதில் பெரும்பாலோர் நல்லவர்கள், பாட்டைக் கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பவர்கள். ஆனால் இது ஒரு தனிக்கூட்டம். அவன் எந்த விமானத்தில் எந்த சீட் என்று காசு கொடுத்துத் தெரிந்துகொண்டு பக்கத்து சீட்டை வாங்கி உட்காருவார்கள். போன் நம்பரை மாற்றினால், “ஏன் மாத்தின?” என்று புது நம்பருக்கே செய்தி வரும். இங்கே வந்ததும் அப்படி மோப்பம் பிடித்துத்தான். ஹோட்டல் அறையில் கேமரா வைத்தார்கள். ஒருமுறை அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது முகத்தில் ஏதோ காற்றுப் படுகிறதே என்று கண் விழித்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருத்தி மண்டியிட்டு அவன் மூச்சை முகர்ந்துகொண்டிருந்தாள்.

“அது இவதான். இந்த யூ-னா” என்றாள் ஹே-வொன். “எங்கம்மா செத்தப்ப, சாவு வீட்டுக்குச் சொந்தக்காரங்க மாதிரி கறுப்புத் துணி கட்டிக்கிட்டு வந்து வரிசைல நின்னா. இவன் அழுறதப் படம் எடுத்தா.”

அந்தப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல என்று தன் வாயால் சொன்னது செவ்வந்திக்கு நினைவு வந்தது. “நாளைக்குக் காலைல ஒங்க ரெண்டு பேரையும் திருச்சிக்கு நானே கொண்டு போயி பிளைட் ஏத்தி விடுறேன்” என்றாள்.

நேராக மாடிக்குப் போனாள். ஆர்த்தியின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கட்டிலின் மேல் வெள்ளைத் துண்டை விரித்து, அதன் மேல் சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள் ஆர்த்தி. பூசைக்குச் சாமான் எடுத்து வைப்பவளைப் போல அவ்வளவு பதவிசு. செவ்வந்தி கிட்டே போய்ப் பார்த்தாள்.

ஒன்றில் ஈரமாய்ச் சுருண்ட தலைமுடி. குளியலறைச் சல்லடையில் சிக்கும் முடி, சோப்பு நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டு. ஒன்றில் மூக்குச் சிந்திய காகிதம். ஒன்றில் காது குடைந்த பஞ்சுக்குச்சி. ஒன்றில் சூப்பிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை. அன்று மதியம் செவ்வந்தி வைத்த சாம்பாரில் கிடந்தது அது. ஒவ்வொன்றின் மேலும் தேதியும் இடமும் எழுதி, ஓரத்தில் ஒரு இதயம் வரைந்திருந்தது.

செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னா ஆர்த்தி இது?”

ஆர்த்தி திடுக்கிடவில்லை. “அக்கா, வந்துட்டீங்களா? உக்காருங்க. ஒங்ககிட்ட நானே சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றாள். குரலில் வெட்கம் இல்லை, ஒரு பெருமைதான் இருந்தது. “இது எல்லாம் குப்பைக்குப் போறதுதானேக்கா. யாருக்கு என்னா நஷ்டம்? நான் என்ன திருடவா செஞ்சேன்?”

“அந்தப் புள்ள ரூமுக்குள்ள போயி சாக்கடை மூடிய கழட்டியிருக்க.”

“நீங்கதானேக்கா டவல் குடுத்து அனுப்புனீங்க.”

ஆர்த்தி தன் போனை எடுத்துக் காட்டினாள். ஒரு பெரிய குழு. அதில் மளமளவென்று செய்திகள் மேலே போய்க்கொண்டிருந்தன. விடுதியின் வாசல் போட்டோ. கூடத்து மேசை போட்டோ. செவ்வந்தி சொன்ன வார்த்தைகள் அப்படியே ஆங்கிலத்தில்: உடம்பு சரியில்லை, இப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறான். கீழே ஆயிரக்கணக்கில் அழுகை பொம்மைகள்.

“எத்தன பேரு அவனுக்காகக் கும்புட்டுக்கிட்டு இருக்காங்க பாருங்க. அவனுக்கு யாருமே இல்லக்கா. எங்களத் தவிர அவனுக்கு யாரு இருக்கா? நாங்க இல்லன்னா அவன் யாரு?” ஆர்த்தியின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. “அவன் சாப்புட்டானா, தூங்கினானான்னு தெரியாம எனக்கு வேலையே ஓடாதுக்கா. எங்கம்மாவப் பத்திகூட நான் இவ்வளவு நெனச்சதில்ல.”

கல்லூரிக்குப் போன காலத்தில் நீடாமங்கலம் பஸ்ஸில் ஒருத்தன் தினமும் செவ்வந்திக்குப் பின் சீட்டில் உட்காருவான். பேசமாட்டான். தொடமாட்டான். ஒருநாள் அவன் பர்ஸைத் திறந்தபோது, அவள் தலையிலிருந்து உதிர்ந்த கனகாம்பரங்கள் காய்ந்து கறுத்துக் கிடந்ததைப் பார்த்தாள். கூடப் படித்தவர்கள், “எவ்வளவு ஆசை பாருடி” என்று பூரித்தார்கள். அவளுக்கோ அந்தப் பூவைச் சூடிய தலையை மொட்டையடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அருவருப்பை யாருக்கும் புரியவைக்க அன்றைக்கு அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை.

“பொட்டியக் கட்டு. மூணு பேரும் இப்பவே வெளிய போங்க” என்றாள்.

முதலாளிக்குப் போன் போட்டாள் ஆர்த்தி. அமிர்தலிங்கம் செவ்வந்தியை அழைத்து, “என்னம்மா நீ, காசு கட்டித் தங்குறவங்கள வெரட்டுவியா? அவ்வளவு பெரிய ஸ்டாராமே அந்தப் பையன்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். செவ்வந்தி போனை வைத்துவிட்டு, மூவரின் பெட்டிகளையும் தானே வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அந்த உறைகளைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தாள். ஆர்த்தி அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

போனார்கள், ஆனால் போகவில்லை. தெருமுனையில் வாடகைக் காரை நிறுத்திக்கொண்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார்கள். விடிந்தபோது பின்னால் இன்னும் இரண்டு கார்கள் நின்றன. பெங்களூர் பதிவெண் ஒன்று. உள்ளே யார் யாரோ சின்னஞ்சிறுசுகள்.

காலையில் வீரமணி கார் கொண்டுவந்தான். விடுதிக்கு வழக்கமாக ஓட்டும் டிரைவர், நிதானமான ஆள். செவ்வந்தி முன்னால் ஏறிக்கொண்டாள். ஸங்-ஹோவும் ஹே-வொன்னும் பின் சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். கார் ஆற்றங்கரைச் சாலையில் ஏறியதும் மூன்று கார்களும் பின்னால் கிளம்பின.

அந்தச் சாலையே அகலம் குறைவு. ஒருபக்கம் ஆறு, ஒருபக்கம் பாசன வாய்க்கால். சாலையில் பாதிக்கு நெல் காய்ந்தது. வீரமணி நெல்லின் மேல் ஏற்றாமல் ஊர்ந்து போனான். பின்னால் இருந்த ஆர்த்தியின் கார் ஹாரனை அடித்துக்கொண்டே ஏறி வந்து பக்கத்தில் ஒட்டியது. அதன் டயருக்கு அடியில் நெல் நறநறவென்று அரைபட்டது. யூ-னா சன்னலுக்கு வெளியே இடுப்பு வரை வந்துவிட்டாள். ஒரு கையில் கேமரா. இன்னொரு கையால் ஸங்-ஹோ பக்கத்துக் கண்ணாடியைப் பட் பட்டென்று தட்டினாள். அவன் பெயரைச் சொல்லிக் கொஞ்சினாள்.

“அக்கா, புடிச்சுக்குங்க!” என்று வீரமணி கத்தினான்.

எதிரே கூடையோடு ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள்மேல் ஏற்றிவிடாமல் இருக்க அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் கரையிலிருந்து சறுக்கி, வாய்க்காலுக்குள் ஒருக்களித்து விழுந்தது.

சேற்றுத் தண்ணீர் கதவிடுக்கில் பொங்கி வந்தது. செவ்வந்திக்குத் தோள்பட்டையில் அடி. வீரமணி மேல்பக்கத்துக் கதவை உதைத்துத் திறந்து, முதலில் அவளையும், பிறகு ஹே-வொன்னையும் இழுத்துவிட்டான். கடைசியாக ஸங்-ஹோவைத் தூக்கிக் கரையில் உட்கார வைத்தார்கள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. இடுப்பு வரை சேறு. நடுங்கினான்.

கார்களிலிருந்து இறங்கிய கூட்டம் ஓடி வந்தது. உதவத்தான் வருகிறார்கள் என்று ஒரு கணம் செவ்வந்தி நம்பினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லி கையை ஆட்டினாள். வந்தவர்கள் கையில் எல்லாம் போன்தான் இருந்தது. ஒருத்தரும் காதில் வைக்கவில்லை. எல்லாரும் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தார்கள். அழுதுகொண்டே படம் எடுத்தார்கள். ஒரு பெண் வெளிச்சம் சரியில்லை என்று இந்தப்பக்கம் நகர்ந்து வந்தாள். யூ-னா சேற்றில் இறங்கி அவன் காலடியில் உட்கார்ந்து, அவன் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். அவன் கத்தினான். வார்த்தை இல்லாத கத்தல். அவள் தடவுவதை நிறுத்தவில்லை.

ஆர்த்தி கைக்குட்டையோடு வந்தாள். அவன் நெற்றியில் வழிந்த ரத்தத்தை அதை வைத்து ஒற்றினாள், ஒரே ஒரு முறை. பிறகு காயத்தை அழுத்திப் பிடிக்காமல், கைக்குட்டையைக் கவனமாக நாலாக மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ரத்தம் பாட்டுக்கு வழிந்தது.

செவ்வந்தி அவளைப் பிடித்துத் தள்ளினாள். ஆர்த்தி சேற்றில் உட்கார்ந்தாள். அப்போதும் பையைத் தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

அதற்குள் பொன்னுத்தாயும் பெண்களும் வந்துவிட்டார்கள். பொன்னுத்தாய்க்கு யார் எவர் என்று ஒன்றும் தெரியாது. அடிபட்ட பிள்ளையைச் சுற்றி நின்று ஒரு கூட்டம் படம் பிடிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. “தூ! மனுசசென்மம்தானா நீங்கள்லாம்?” என்று காறித் துப்பினாள். திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, “நெல்லக் கொட்டிட்டுப் படுதாவ எடுத்தாங்கடி!” என்றாள்.

அன்று கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றவேண்டிய நெல் அது, நன்றாகக் காய்ந்திருந்தது. பெண்கள் படுதாவின் ஒரு முனையைத் தூக்க, பொலபொலவென்று நெல் கரைச் சேற்றில் சரிந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு படுதாக்களைத் தூக்கி வந்து, தலைக்கு மேலே கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஸங்-ஹோவைச் சுற்றி வளைத்து நின்றார்கள். யூ-னாவின் பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள் பொன்னுத்தாய்.

உள்ளே எல்லாம் நீலமாகிவிட்டது. நெல் தூசியும் வைக்கோல் வாடையும். செவ்வந்தி தன் முந்தானையைச் சுருட்டி அவன் நெற்றியில் அழுத்திப் பிடித்தாள். வெள்ளைக் காட்டன் புடவை மளமளவென்று நனைந்தது. ஹே-வொன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவங்க போயிட்டாங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான் ஸங்-ஹோ.

“போயிட்டாங்க” என்றாள் செவ்வந்தி.

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் வெளியே பாட்டுச் சத்தம் எழும்பியது. அவனுடைய பாட்டு. ஒருத்தி ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவனுக்கு ஆறுதலாம். அழுகையும் ராகமுமாகக் கோயிலில் பாடுவதுபோலப் பாடினார்கள். ஸங்-ஹோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அக்காவின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்தான். படுதாவின் விளிம்புக்கு மேலே நீளக் குச்சிகளில் போன்கள் எட்டிப் பார்த்தன. பொன்னுத்தாய் வாய்க்கால் சேற்றை அள்ளி அள்ளி அவற்றின்மேல் எறிந்தாள். கைவலிக்கப் படுதாவைப் பிடித்திருந்த பெண்கள், வீரமணி கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வரும்வரை கையை இறக்கவில்லை.

நெற்றியில் தையல் போட்டார்கள். எலும்பு முறிவு இல்லை. அக்காவும் தம்பியும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி ஆர்த்தியையும் மற்றவர்களையும் வரிசையாக உட்கார வைத்துப் பெயர் கேட்டுவிட்டு, “சின்னப் பசங்க, ஏதோ ஆசைல பின்னாடி வந்துட்டாங்க” என்று சிரித்தார். வண்டி மோதவில்லை, தானாகத்தான் சறுக்கியது என்று எழுதிக்கொண்டார்கள். இணையத்தில் வேறு கதை ஓடியது. டிரைவர் குடித்திருந்தான், கிராமத்துப் பெண்கள் காயம்பட்டவனைச் சிறை பிடித்தார்கள், ரசிகர்களைத் தாக்கினார்கள் என்று. வீரமணியின் முகத்தை வட்டம் போட்டுப் பரப்பினார்கள். பாவம், பீடியைக்கூடத் தொடாத மனிதன், கொஞ்ச நாள் வண்டியையே எடுக்காமல் வீட்டில் கிடந்தான்.

அமிர்தலிங்கம் மட்டும் உற்சாகமாக இருந்தார். கும்பகோணத்திலிருந்து ஓடிவந்து அந்தக் கடைசி அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அந்தப் பையன் படுத்த பெட்ஷீட்டத் தொவைக்காத. அப்படியே கெடக்கட்டும். டெல்லிலேருந்து, தாய்லாந்துலேருந்துல்லாம் கேக்குறாங்க. இந்த ரூமுக்கு மட்டும் தனி ரேட்டு போட்டுருவோம்” என்றார்.

செவ்வந்தி உள்ளே போய், விரிப்பையும் தலையணை உறையையும் உருவி எடுத்துச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டாள். பினாயிலை ஊற்றித் தரையைத் தேய்த்தாள், குளியலறையைத் தேய்த்தாள், சல்லடையைத் தேய்த்தாள். கைத்தோல் உரிந்தது. பிறகு சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பாபநாசத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஹே-வொன்னிடமிருந்து எப்போதாவது செய்தி வரும். “அவன் பாடுவதை நிறுத்திவிட்டான். தூங்குகிறான்” என்று ஒருமுறை எழுதியிருந்தாள்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எழில்மொழி போய்ப் பார்த்துவிட்டு, “அம்மா, உன் பிரெண்டாம்” என்றாள்.

கேட்டுக்கு வெளியே ஆர்த்தி. கையில் இனிப்புப் பெட்டி. இளைத்துப் போயிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“நீ உள்ள போ” என்று செவ்வந்தி மகளை அனுப்பிவிட்டு, கேட்டின் கொண்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வீடு ஒனக்கு எப்புடித் தெரியும்?”

“அது ஒண்ணும் கஷ்டம் இல்லக்கா. பாப்பா நெட்டுல போட்ட போட்டோ ஒண்ணுல வாட்டர் டேங்க்கும் ஸ்கூல் போர்டும் தெரிஞ்சுது. பாப்பா நல்லா வளந்துட்டா. பரீச்சையெல்லாம் நல்லா எழுதியிருக்கா போல?” அக்கறையாகக் கேட்டாள். அதில் ஒரு நடிப்பும் இல்லை.

“என்னா வேணும் ஒனக்கு?”

ஆர்த்தி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்கு நீங்க ஒரு வெள்ளப் புடவை கட்டியிருந்தீங்கள்லக்கா. அத எனக்குத் தர்றீங்களா? என்னா வெல சொன்னாலும் சரி. அவன் இனிமே பாடமாட்டானாம்க்கா. எங்களுக்குன்னு இனிமே ஒண்ணுமே கெடைக்காது.”

“தொவச்சுட்டேன்.”

“தொவச்சுட்டீங்களா?”

“அன்னைக்கே. கறை போவல. கிழிச்சுத் தரை தொடைக்கிற துணியாப் போட்டுட்டேன்.”

ஆர்த்தியின் முகம் கோணிக்கொண்டது. பெற்றவள் செத்த சேதி கேட்டவளைப் போல, நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்து, கேட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். மூக்கு ஒழுகி வாயில் இறங்க, அதைத் துடைக்கவும் தோன்றாமல் அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. செவ்வந்திக்கு அது தெரிந்தது. இரக்கம் வரும் என்று நின்று பார்த்தாள். அவள் மகளைவிடப் பத்து வயதுதான் மூத்திருப்பாள் அந்தப் பெண். ஒரு தம்ளர் தண்ணீராவது கொடுக்கத் தோன்றவேண்டும். தோன்றவில்லை. இலையில் விழுந்த பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எழிலு, அந்த போன எடுத்துட்டு வா” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். முதலில் வீரமணிக்குப் போட்டு வண்டியோடு வரச்சொன்னாள். பிறகு ஆர்த்தியிடம் கேட்டின் இந்தப்பக்கமிருந்தே, “நன்னிலத்துல ஒங்க அப்பா நம்பர் சொல்லு. ஒன்ன அவருகிட்ட ஒப்படைச்சுட்டு, நீ எங்கெங்க போயி என்னென்ன செஞ்சன்னு நானே அவருகிட்ட சொல்லப்போறேன்” என்றாள்.

ஆர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். “அந்தத் தொடைக்கிற துணி இருக்கா அக்கா?” என்றாள்.